முதல் டிப்பர் வாங்கப் போகிறீர்களா? கம்பெனிப் பெயரைக் கடைசியில் பாருங்கள்

புதிதாக டிப்பர் எடுக்க நினைக்கிறவர் யாரானாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "லேலண்ட் எடுக்கலாமா, டாடா எடுக்கலாமா?" சங்ககிரி புக்கிங் ஆபீஸில் கேட்டால் ஒரு பதில் வரும். கிரஷர் வாசலில் கேட்டால் வேறு பதில் வரும். இரண்டும் பொய்யில்லை. சொன்னவர்கள் ஏற்றும் லோடும் வேறு, ஓடும் ரோடும் வேறு. அதனால் இந்தப் பதிவில் லோடிலிருந்து ஆரம்பிக்கிறேன். கம்பெனிகளைப் பற்றிய என் கருத்து ஐந்தாவது படியில்தான் வரும். அவசரப்படுகிறவர்கள் நேராக அங்கே குதிக்கலாம், ஆனால் பாதி புரியாது.

உதாரணத்துக்குப் பத்துச் சக்கர டிப்பரை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் எந்தக் கம்பெனி செய்தாலும் அதை 'டாரஸ்' என்றே சொல்கிறோம். லேலண்ட் தன் ஒரு மாடலுக்கு வைத்த பெயர், மொத்த இனத்துக்கும் ஒட்டிக்கொண்டது.

படி 1: யூனிட்டை டன்னாக மாற்றுங்கள்

ஜல்லி, எம்-சாண்ட் வியாபாரம் யூனிட் கணக்கில் நடக்கிறது. சட்டம் டன் கணக்கில் பார்க்கிறது. புதியவர்கள் மாட்டுவது இந்த இடைவெளியில்தான்.

ஒரு யூனிட் என்றால் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். எம்-சாண்ட் ஒரு கன மீட்டர் சுமார் 1.7 டன் வரும். ஆக, ஒரு யூனிட் ஏறத்தாழ 4.8 டன். ஈரமாக இருந்தால் இன்னும் கூடும்.

மூன்று ஆக்சில் (சக்கர அச்சு), பத்துச் சக்கர வண்டிக்கு மொத்த எடை வரம்பு 28 டன். 2018-க்கு முன் 25 டன்னாக இருந்தது, அந்த ஆண்டு ஜூலையில்தான் மத்திய அரசு ஆக்சில் எடை வரம்பை உயர்த்தியது. பாடியும் ஹைட்ராலிக்கும் சேர்த்து வெறும் வண்டியே சுமார் 11 டன் இருக்கும். மிச்சம் 17 டன், அதாவது மூன்றரை யூனிட்.

ஆனால் உங்களிடம் லோடு பேசுகிறவர் சாதாரணமாக "அஞ்சு யூனிட் போடலாம்" என்பார். ஐந்து யூனிட் 24 டன். மொத்தம் 35 டன், 7 டன் அதிகம். 2019 சட்டத் திருத்தப்படி அதிக பாரத்துக்கு அடிப்படை அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். இந்த ஒரு நடைக்கு 34,000 ரூபாய். அதோடு அதிக பாரத்தை இறக்காமல் வண்டியை எடுக்கவும் முடியாது.

எல்லோரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஐந்து யூனிட்டை நம்பி வாடகைக் கணக்குப் போட்டு, மூன்றரை யூனிட் வண்டி வாங்கினால் கணக்கு முதல் மாதத்திலேயே உதைக்கும். ஐந்து யூனிட் லோடுதான் உங்களுக்குக் கிடைக்கும் என்றால் 12 சக்கரம், 35 டன் வண்டியிலிருந்து மேலே பாருங்கள், ஆனால் அதன் வெறும் எடையும் கூடும் என்பதைக் கணக்கில் சேருங்கள். அதற்கும் மேலே 14 சக்கரத்தில் 42 டன், 16 சக்கரத்தில் 47.5 டன் வரை இருக்கிறது.

படி 2: வண்டியின் பெயரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

லேலண்ட், டாடா, பாரத்பென்ஸ் மூன்றும் பெயரிலேயே விவரத்தை வைத்திருக்கின்றன. நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு மொத்த எடை, டன்னில். அடுத்த இரண்டைப் பத்தால் பெருக்கினால் சுமாரான குதிரைத்திறன். 2825 என்றால் 28 டன், 250 குதிரைத்திறன் அளவில். பழைய டாடா 1613 என்றால் 16 டன், 130. குதிரைத்திறன் அப்படியே அச்சாக இருக்காது, கொஞ்சம் முன்பின் இருக்கும். கேட்டலாக்கில் சரிபாருங்கள். ஐஷரில் புரோ 6028, மஹிந்திராவில் பிளாசோ எக்ஸ் 28 என்று வரும், அவற்றில் எடை மட்டும்தான் உண்டு.

எண்ணுக்கு அடுத்த எழுத்தையும் பாருங்கள். டாடாவில் 'கே' என்றால் டிப்பர். பாரத்பென்ஸில் 'சி' என்றால் கட்டுமான வேலை வண்டி, 'ஆர்' என்றால் நெடுந்தூரச் சரக்கு வண்டி. 2823ஆர், 2823சி இரண்டும் தூரத்திலிருந்து அண்ணன் தம்பி மாதிரி தெரியும். அடியில் குனிந்து பார்த்தால் வேறு வேறு வண்டிகள்.

படி 3: வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள்

ஷோரூமில் எல்லோரும் கேபினில் ஏறி உட்கார்ந்து பார்க்கிறார்கள். நீங்கள் முதலில் பின்பக்கம் போய்க் குனியுங்கள்.

டிப்பருக்கு 'ஆறுக்கு நாலு' வேண்டும், அதாவது பின்னால் இருக்கிற இரண்டு ஆக்சிலுமே இழுக்க வேண்டும். நெடுஞ்சாலை வண்டிகள் பெரும்பாலும் 'ஆறுக்கு இரண்டு'. அதில் ஒரு ஆக்சில் மட்டும் இழுக்கும், மற்றது பாரம் தாங்கும் டம்மி. இரண்டாம் கை சந்தையில் டம்மி ஆக்சில் வண்டியின் சேஸில் (அடிச்சட்டத்தில்) டிப்பர் பாடி கட்டி விற்கிறவர்கள் உண்டு. விலை மலிவாகத் தெரியும். மழைக்காலத்தில் லோடோடு குவாரி ஏற்றத்தில் நிற்கும்போது அந்த மலிவின் காரணம் புரியும்.

அடுத்தது ஹவுசிங், அதாவது பின் ஆக்சிலின் கியர்கள் இருக்கும் கூடு. ஆக்சிலின் நடுவில் இருக்கும் கிரவுன் பினியன் கியரில் மட்டும் வேகத்தைக் குறைக்கும் சாதாரண ஆக்சில் ஒரு வகை. சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே இன்னொரு கியர் அமைப்பு வைத்த ஹப் ரிடக்ஷன் ஆக்சில் இன்னொரு வகை. இரண்டாவதில் கிரவுன் மீதும் ஆக்சில் ஷாஃப்ட் மீதும் விழும் முறுக்கு விசை குறைவு. குவாரிப் பள்ளத்திலிருந்து கல் ஏற்றிக்கொண்டு மேலே வருகிறவருக்கு அது தேவை. கிரஷரிலிருந்து தார் ரோட்டில் 40 கிலோமீட்டர் ஓடி வீடு கட்டுகிற இடத்தில் கொட்டுகிறவருக்கு அது வீண் எடை, வீண் டீசல். கம்பெனிக்காரர் "ஹெவி ஆக்சில் சார்" என்று பெருமையாகச் சொல்வதைக் கேட்டு மயங்க வேண்டாம்.

சேறு நிறைந்த இடத்துக்குப் போகிறவர்கள், இரண்டு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும் டிஃபரன்ஷியல் லாக் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், அதைக் காய்ந்த தார் ரோட்டில் போடக்கூடாது என்று டிரைவருக்குச் சொல்லிக் கொடுங்கள். திருப்பத்தில் உள்ளே இருக்கிற கியர் தாங்காது.

பாடியைப் பொறுத்தவரை ஜல்லி, மணலுக்குப் பாக்ஸ் பாடி, போல்டர் கல்லுக்கு ராக் பாடி. பெரிய பாடி கட்டினால் லாபம் என்ற நினைப்பு இருந்தால் முதல் படிக்குத் திரும்பிப் போங்கள்.

படி 4: ஆட்புளூவும் புகை வடிகட்டியும்

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டியெல்லாம் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்தவை. பழைய டிரைவர்கள் திட்டுவது இதைத்தான். அந்தக் கோபத்தில் பாதிக்கு நியாயம் இருக்கிறது.

ஆட்புளூ என்பது புகையைச் சுத்தமாக்க ஊற்றும், 32.5 சதவீத யூரியா கலந்த சுத்திகரித்த நீர். 100 லிட்டர் டீசலுக்கு ஏறத்தாழ 5 லிட்டர் பிடிக்கும். தீர்ந்துபோனால் எஞ்சின் தானாகவே இழுவையைக் குறைத்துக்கொள்ளும். உர மூட்டை யூரியாவைக் கேன் தண்ணீரில் கரைத்து ஊற்றும் 'டெக்னிக்' யாராவது சொன்னால் காதை மூடிக்கொள்ளுங்கள். சைலன்சரோடு இருக்கும் வினையூக்கி கெட்டால் அதை மாற்ற லட்சக்கணக்கில் ஆகும்.

டிப்பர்காரர்களுக்குப் பெரிய தொல்லை புகை வடிகட்டி. எஞ்சின் சூடாக நீண்ட நேரம் ஓடினால் வடிகட்டியில் சேர்ந்த கரி தானாக எரிந்துவிடும். டிப்பரோ பத்து கிலோமீட்டர் ஓடும், கியூவில் நிற்கும், மறுபடி ஓடும். கரி எரியவே நேரம் கிடைக்காது. டேஷ்போர்டில் விளக்கு எரிந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தி, ரீஜெனரேஷன் பட்டனை அழுத்தி, முடியும்வரை காத்திருக்க வேண்டும். நடைக்கு நடை சம்பளம் என்றால் எந்த டிரைவரும் காத்திருக்க மாட்டார். ஓனர் அதற்குத் தனியாக ஒரு பேட்டா போட்டுக் கொடுத்துவிடுவது நல்லது, சர்வீஸ் செலவைவிடக் குறைவாகவே முடியும்.

படி 5: இப்போது கம்பெனிகள்

இங்கே சொல்வது என் அபிப்பிராயம். உங்கள் மாமா வேறு சொல்வார்.

அசோக் லேலண்ட்: 1948-ல் அசோக் மோட்டார்ஸாக எண்ணூரில் தொடங்கியது, 1955-ல் இந்தப் பெயருக்கு மாறியது. ஓசூரிலும் பெரிய ஆலை இருக்கிறது. தமிழ்நாட்டில் இதன் பலம் எஞ்சினைவிட மெக்கானிக்தான். சின்ன ஊர் லேத் பட்டறையில்கூட லேலண்ட் கைவாகு தெரிந்த ஒருவர் இருப்பார். பி.எஸ். 4 காலத்தில் ஆட்புளூ இல்லாமலே கனரக வண்டிகளை ஓட வைத்து ஓனர்கள் மனதைப் பிடித்தது. பி.எஸ். 6-ல் அந்தச் சலுகை போய்விட்டது. எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். உள்ளூர் மெக்கானிக் என்ற பலமும் கம்ப்யூட்டர் ஸ்கேனர் வந்தபின் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. இருந்தாலும் ஒரே ஒரு வண்டியோடு தொழில் தொடங்குகிறவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

டாடா: 1954-ல் ஜாம்ஷெட்பூரில் ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸோடு சேர்ந்து லாரி செய்ய ஆரம்பித்தது. அந்த ஒப்பந்தம் 1969-ல் முடிந்தது. இன்று சிக்னா, பிரைமா வரிசைகளில் கம்மின்ஸ் எஞ்சின் வருவது இதன் பெரிய பிளஸ். கம்மின்ஸ் தெரிந்த கைகள் நாடு முழுக்க உண்டு. மாநிலம் தாண்டி ஓடுகிறவருக்கு டாடா தைரியம். பீகாரில் ஒரு தாபா பக்கத்தில் நின்றுபோனாலும் ஸ்பேர் கிடைக்கும். கேபின் வசதியில் மாடலுக்கு மாடல் வித்தியாசம் அதிகம், பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

பாரத்பென்ஸ்: டாடாவோடு இருந்த அதே டெய்ம்லர், 2012-ல் ஒரகடத்தில் சொந்த ஆலை போட்டு லாரிக்குத் தனிப் பெயரோடு வந்தது. ஓட்டிப் பார்த்த டிரைவர்கள் திரும்ப வேறு வண்டிக்கு மனமில்லாமல்தான் போவார்கள். கேபினும் கிளட்ச்சும் பிரேக்கும் அப்படி. நல்ல டிரைவர் கிடைப்பதே பாடாக இருக்கும் இந்தக் காலத்தில் இது சின்ன விஷயமில்லை. ஆனால் இதற்குக் கம்பெனி சர்வீஸைத்தான் நம்பியாக வேண்டும். சர்வீஸ் சென்டர் உங்கள் கிரஷரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இருந்தால் எடுங்கள். மூன்று மணி நேரம் என்றால் யோசியுங்கள்.

ஐஷர்: 2008 முதல் வால்வோவோடு கூட்டு, ஆலை மத்தியப் பிரதேசத்தின் பீத்தம்பூரில். நடுத்தர வண்டிகளில் மைலேஜுக்குப் பெயர் வாங்கியது, கனரகத்தில் பிறகுதான் காலூன்றியது. தார் ரோட்டு டிப்பர் வேலைக்குத் தாராளமாகப் பார்க்கலாம்.

மஹிந்திரா: 2016-ல் பிளாசோவைக் கொண்டுவந்தபோது, 'மைலேஜ் அதிகம் கிடைக்காவிட்டால் வண்டியைத் திருப்பிக் கொடுங்கள்' என்று துணிந்து சொன்ன கம்பெனி. வண்டியில் எனக்குக் குறை தெரியவில்லை. விற்கும்போது எத்தனை பேர் கேட்டு வருவார்கள் என்பதுதான் யோசனை. டாரஸ் சந்தையில் லேலண்டுக்கும் டாடாவுக்கும் வரும் கூட்டம் இதற்கு வராது.

படி 6: மைலேஜா, பட்டறையா?

இரண்டையும் ரூபாயாக மாற்றினால் சண்டை தீர்ந்துவிடும்.

மாதம் 4,000 கிலோமீட்டர் ஓடும் டிப்பர் என்று வையுங்கள். லிட்டருக்கு 3.5 கொடுக்கும் வண்டிக்கு 1,143 லிட்டர் டீசல் வேண்டும். 4 கொடுத்தால் 1,000 லிட்டர் போதும். டீசல் 92 ரூபாய் என்றால் மாதம் சுமார் 13,000 மிச்சம்.

இப்போது டியூ, அதாவது மாதக் கடன் தவணை. 40 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 60 மாதம் என்றால் மாதம் 85,000 ரூபாய். இதையே 48 மாதமாக எடுத்தால் ஒரு லட்சத்தைத் தாண்டும். 85,000-ஐ 26 வேலை நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளுக்கு 3,270. மாதத்தில் நாலு நாள் பட்டறையில் நின்றால் மைலேஜில் மிச்சம் பிடித்த 13,000 டியூவிலேயே கரைந்துவிட்டது. இன்சூரன்ஸ், டிரைவர் சம்பளம், கைவிட்ட லோடு எதையும் நான் சேர்க்கவே இல்லை.

அதனால் எந்த வண்டி என்று முடிவு செய்வதற்கு முன் சர்வீஸ் சென்டருக்கு ஒரு சனிக்கிழமை மாலை போய் நில்லுங்கள். வாசலில் எத்தனை டிப்பர் நிற்கிறது, ஸ்பேர் வராமல் நிற்கிறதா வேலை நடந்து நிற்கிறதா என்று நிற்கிற டிரைவர்களிடமே பேச்சுக் கொடுங்கள். சேல்ஸ்மேன் ஒரு மாதத்தில் சொல்லாததை அவர்கள் அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவார்கள்.

படி 7: டெமோவும் டெலிவரியும்

டெமோ வண்டியைக் காலியாக ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை. உங்கள் கிரஷரில், உங்கள் லோடை ஏற்றி, எடை மேடையில் நிறுத்திச் சீட்டு வாங்கிக்கொண்டு, வழக்கமான ஏற்றத்தில் ஓட்டச் சொல்லுங்கள். ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி மறுபடி எடுக்க வேண்டும். ஓட்டுவது நீங்களாக இருக்க வேண்டாம், நாளை அதை ஓட்டப் போகிற டிரைவராக இருக்கட்டும். இரண்டு கம்பெனி வண்டியையும் ஒரே லோடில், ஒரே ரூட்டில், ஒரே டிரைவர் ஓட்டினால்தான் டீசல் கணக்குக்கு அர்த்தம்.

விலை பேசும்போது 2025 செப்டம்பர் 22 முதல் லாரிக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததை நினைவில் வையுங்கள். பழைய கொட்டேஷனைக் காட்டித் தள்ளுபடி என்று யாரும் சொல்லக்கூடாது.

டெலிவரி நாளில் சேஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் காகிதத்தோடு ஒப்பிடுங்கள். பாடி கட்டி முடிந்ததும் வெறும் வண்டியை எடை போட்டு, ஆர்.சி.யில் ஏறப்போகும் எடையோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பாடிக்காரர் தகட்டைக் கனமாகப் போட்டிருந்தால் அந்த எடை ஒவ்வொரு நடையிலும் உங்கள் லோடிலிருந்துதான் கழியும். ஹைட்ராலிக் ஜாக்கியை முழுதாக உயர்த்தி எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டையும் வீல் நட்டையும் மறுபடி முறுக்கச் சொல்லுங்கள். புது வண்டியில் இரண்டும் தளரும். பூஜை போட்ட எலுமிச்சம்பழம் டயரில் நசுங்கிய சந்தோஷத்தில் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.