வறண்ட போர்வெல்லில் ஊற்றுக்கண் திறப்பது: நீரழுத்தத்தால் பாறை விரிசலை விரிக்கும் முறை

கருங்கல் பாறையில் தண்ணீர் கல்லுக்குள் இருப்பதில்லை, கல்லின் விரிசல்களில் ஓடுகிறது. நல்ல விரிசல் ஒன்று இரண்டு மீட்டர் தள்ளி இருந்தாலும் போர்வெல் வறண்டுதான் நிற்கும். விரிசலைத் தொட்டும் தண்ணீர் வராத போர்வெல்களும் உண்டு. தோண்டும்போது எழுந்த கல்மாவும் களிமண்ணும் அதன் வாயை அடைத்திருக்கும். இந்த இரண்டு நிலையிலும், துளையின் ஒரு பகுதியை அடைத்து அதற்குள் உயர் அழுத்தத்தில் தண்ணீரைச் செலுத்தி ஊற்றுக்கண்ணைத் திறக்கலாம். ஹைட்ரோ ஃபிராக்சரிங் என்று சொல்வது இதைத்தான்.

வெடிமருந்தை இறக்கிப் பாறையை உடைத்தால் சுலபமாக முடியாதா என்று பலர் கேட்கிறார்கள். எண்ணெய்க் கிணறுகளில் அதைத்தான் முதலில் செய்தார்கள். அமெரிக்காவில் எட்வர்ட் ராபர்ட்ஸ் 1865-இல் கிணற்றுக்குள் வெடிக்கும் டார்பிடோவுக்குக் காப்புரிமை வாங்கினார். திரவத்தைச் செலுத்தி அழுத்தத்தால் உடைக்கும் முறை 1947-இல்தான் கான்சாஸின் ஹியூகோடன் வயலில் சோதிக்கப்பட்டது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அழுத்தம் ஏறும் வேகத்தில் இருக்கிறது. வெடியில் அது மைக்ரோவினாடிகளில் உச்சத்துக்குப் போய், கல்லின் தாங்குதிறனைப் பல மடங்கு தாண்டிவிடும். அந்த அதிர்வலை துளைச் சுவரை நொறுக்கிப் பொடியாக்கும். வெளிப்புறம் ஓடும் ஆரவிரிசல்களின் வாயை அதே பொடி அடைத்துவிடும். மெதுவாக எரியும் உந்துபொருளில் அழுத்தம் மில்லிவினாடிகளில் ஏறுவதால் நொறுக்கல் குறைவு, பல திசையில் விரிசல் ஓடும். நீரழுத்தம் நிமிடக்கணக்கில் ஏறுவதால், பாறை தனக்கு எளிதான வழியில், பெரும்பாலும் ஏற்கனவே இருக்கும் விரிசலில், நெடுந்தூரம் திறந்துகொள்ளும். தண்ணீர்க் கிணற்றுக்கு நொறுங்கிய சுவரால் பயனில்லை. தொலைவில் இருக்கும் நீர் துளை வரை வந்து சேர ஒரு பாதைதான் வேண்டும்.

வெடியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. துளையில் நிற்கும் தண்ணீர் அதிர்வலையை மேலும் கீழும் கடத்தி, கேசிங்கையும் (துளையின் மேற்பகுதி சரியாமல் இறக்கும் குழாய்) அதைச் சுற்றிய சிமென்ட்டையும் பிளக்கலாம். சுவர் சிதைந்தபின், துளையை அடைக்கும் ரப்பர் கருவியான பேக்கர் உட்காராது, எனவே பிறகு நீரழுத்த முறைக்கும் வழியில்லாமல் போகும். உரிமம் பெற்ற வெடிப்பாளர் இல்லாமல் அந்தப் பக்கம் போகவே கூடாது. நீரழுத்தத்தை முதலில் முயலுங்கள்.

எந்தக் கிணறு இதற்கு ஏற்றது

கிரானைட், நைஸ், பசால்ட் போன்ற உறுதியான பாறையில், சுவர் சரியாத, நேரான துளை வேண்டும். அருகில் நன்றாகத் தண்ணீர் தரும் கிணறுகள் இருந்தால் நம்பிக்கை கூடும், ஏனென்றால் அந்த நிலத்தில் இணைப்பதற்கு விரிசல் வலை இருக்கிறது என்பதை அவை காட்டுகின்றன. மணற்பாறை, களிமண், உதிரும் மேல்மண் உள்ள துளைகளில் செய்யாதீர்கள். துளைக்கு 30 மீட்டருக்குள் கழிவுநீர்த் தொட்டி இருந்தாலும் வேண்டாம். திறக்கும் விரிசல் எந்தப் பக்கம் ஓடும் என்பது நம் கையில் இல்லை.

நிலத்தடி நீர்மட்டமே இறங்கிப் போயிருந்தால் இந்த முறை உதவாது. போர்வெல் நீர் குறைந்ததற்குக் காரணம் மோட்டார் தேய்மானமா, குழாயில் ஓட்டையா, நீர்மட்ட இறக்கமா என்று முதலில் பிரித்தறியுங்கள். ஊற்று அடைபட்ட கிணற்றில் ஓய்வுநிலை மட்டம், அதாவது இறைக்காதபோது தண்ணீர் நிற்கும் மட்டம், பழையபடி இருக்கும், இறைத்தபின் ஏறி வரும் வேகம்தான் குறைந்திருக்கும். நீர்மட்டம் இறங்கிய கிணற்றில் ஓய்வுநிலை மட்டமே கீழே போயிருக்கும்.

முன் அளவு: இதைத் தவறவிடாதீர்கள்

முன்பு எவ்வளவு தண்ணீர் வந்தது என்று தெரியாமல் செய்தால், வேலை முடிந்தபின் பயன் கிடைத்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. மோட்டாரை ஓட்டி மட்டத்தை இறக்கி, நிறுத்தியபின் ஏற்றத்தை அளவுநாடாவால் குறித்துக்கொள்ளுங்கள். 150 மி.மீ. துளையில் ஒரு மீட்டர் உயரத்துக்கு 17.7 லிட்டர் நிற்கும். 165 மி.மீ. துளையில் 21.4 லிட்டர். 150 மி.மீ. துளையில் 10 நிமிடத்தில் மட்டம் 6 மீட்டர் ஏறினால் 106 லிட்டர் வந்திருக்கிறது, அதாவது நிமிடத்துக்குப் பத்தரை லிட்டர். எந்த ஆழத்தில் அளந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். மட்டம் மேலே வரவர வரத்து குறையும் என்பதால், பின்னர் ஒப்பிடும்போது அதே ஆழத்தில்தான் அளக்க வேண்டும்.

மோட்டாரையும் குழாயையும் முழுதாக வெளியே எடுங்கள். எடை கட்டிய கயிற்றை இறக்கி அடிமட்டம் வரை போகிறதா பாருங்கள். பழைய துளைகளில் கல்லும் சேறும் பல மீட்டர் நிறைந்திருப்பது சாதாரணம். கம்ப்ரசரால் ஊதி வெளியேற்றுங்கள். கேமரா இறக்க முடிந்தால் கட்டாயம் இறக்குங்கள். கேசிங் எங்கே முடிகிறது, சுவர் எங்கே வழவழப்பாக இருக்கிறது, துரு அல்லது ஈரக்கோடு எங்கே தெரிகிறது என்ற மூன்றையும் மீட்டர் கணக்கோடு எழுதிக்கொள்ளுங்கள். பேக்கர் உட்காரும் இடத்தை இந்தக் குறிப்புதான் முடிவு செய்யும்.

கருவிகள்

பேக்கர் என்பது இரும்புக் குழாயைச் சுற்றிய தடித்த ரப்பர் உறை. உள்ளே தண்ணீரை அழுத்தி ஊதினால் துளைச் சுவரில் இறுகும். ஒற்றைப் பேக்கர் தனக்குக் கீழே உள்ள துளை முழுவதையும் அடைத்துத் தரும். இரட்டைப் பேக்கர் இரண்டுக்கும் நடுவே உள்ள சில மீட்டரை மட்டும் பிரித்துத் தரும். 150 மி.மீ. துளைக்கு ஊதாத நிலையில் 110 மி.மீ. அளவுள்ள பேக்கரை இறக்கினால் சிக்காது, ஆனால் ரப்பர் அதிகம் விரிய வேண்டியிருக்கும். விரிய விரிய அது தாங்கும் அழுத்தம் குறையும் என்பதால், உற்பத்தியாளரின் அட்டவணையில் உங்கள் துளை அளவுக்கு நேரே உள்ள எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

டீசல் எஞ்சினில் ஓடும், மூன்று பிளஞ்சர் (தண்ணீரைத் தள்ளும் தண்டு) உள்ள பம்ப் ஒன்று போதும். 200 பார் (அழுத்தத்தின் அலகு) வரை ஏறக்கூடியதும், நிமிடத்துக்கு 200 முதல் 280 லிட்டர் தள்ளக்கூடியதும் நல்லது. தேவைப்படும் ஆற்றலைக் கணக்கிட, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதை அழுத்தப் பாரால் பெருக்கி 600-ஆல் வகுங்கள். 250 லிட்டர், 100 பார் என்றால் கிட்டத்தட்ட 42 கிலோவாட். பம்ப் இழப்பையும் சேர்த்தால் 50-க்கு அருகில் வரும். தள்ளும் அளவு குறைவான பம்பு, விரிசல் திறந்த கணத்தில் அழுத்தத்தைத் தக்கவைக்க முடியாமல் தோற்றுவிடும். வேலை பாதியில் நிற்பதற்கு இதுவே அடிக்கடி காரணமாகிறது.

இறக்கும் குழாய், இணைப்புகள், வால்வுகள் எல்லாம் பம்பின் உச்ச அழுத்தத்துக்கு மேல் தாங்க வேண்டும். அழுத்தமானி, தானாகத் திறக்கும் பாதுகாப்பு வால்வு, மெதுவாக அழுத்தம் விடும் வால்வு, பேக்கரை ஊதத் தனிக் குழாய் ஆகியவை இல்லாமல் தொடங்காதீர்கள். தண்ணீர் குறைந்தது 10,000 லிட்டர் தயாராக இருக்கட்டும், குடிநீர்த் தரத்தில். அதில் லிட்டருக்கு 5 மி.கி. குளோரின் வர, 30 சதவீதப் பிளீச்சிங் பவுடர் 170 கிராம் அளவு கரைத்துத் தெளியவைத்துச் சேருங்கள். ஏரித் தண்ணீரைச் செலுத்தினால் பாசியையும் சேற்றையும் பாறைக்குள்ளேயே ஊட்டிவிடுவீர்கள், அவை திரும்பி வருவதில்லை.

பேக்கரை எங்கே உட்கார வைப்பது

இந்த வேலையில் அதிகக் கவனம் இங்கேதான் வேண்டும். மேல் பேக்கர் தரையிலிருந்து 18 மீட்டருக்குக் கீழேயும், கேசிங்கின் அடியிலிருந்து 12 மீட்டருக்குக் கீழேயும் இருக்கட்டும். மேலே வைத்தால் தண்ணீர் கேசிங்கைச் சுற்றி ஏறி, மேற்பரப்பு அழுக்கு கிணற்றுக்குள் வர நிரந்தர வழியைத் திறந்துவிடும். பிறகு அதைச் சரிசெய்வது மிகக் கடினம். விரிசலின் மேல் பேக்கரை வைத்தாலும் தண்ணீர் சுற்றிப் போகும், ரப்பரும் கிழியும். வழவழப்பான, உறுதியான பாறைத் துண்டைத் தேர்ந்தெடுங்கள்.

ஒற்றைப் பேக்கரானால் முதல் நிலையில் மேலே ஒரு முறை, பிறகு 25 முதல் 50 மீட்டர் கீழே இன்னொரு முறை செய்யுங்கள். முதல் நிலையில் மேலுள்ள ஊற்றுகள் எல்லாத் தண்ணீரையும் விழுங்கிவிடும், ஆழத்துக்கு அழுத்தம் போய்ச் சேராது. அதனால்தான் இரண்டாவது நிலை. இரட்டைப் பேக்கரானால் அடியிலிருந்து தொடங்கி மேலே வாருங்கள். குழாயைக் கழற்றிக்கொண்டே வரலாம், வேலை வேகமாகும்.

பேக்கர் ஊதும் அழுத்தம், செலுத்தும் அழுத்தத்தைவிட 20 முதல் 30 பார் கூடுதலாக இருக்க வேண்டும். மேல்நோக்கிய விசை சாதாரணமானதல்ல. 150 மி.மீ. துளையில் 100 பார் அழுத்தம் பேக்கரைச் சுமார் 18 டன் விசையோடு மேலே தள்ளும். ரப்பர் வழுக்கினால் குழாய் வரிசை முழுவதும் எகிறும். எனவே அழுத்தம் இருக்கும் நேரத்தில் துளை வாய்க்கு நேரே யாரும் நிற்கக் கூடாது, குனியவும் கூடாது. குழாய் வரிசையைக் கிளாம்பால் ரிக்கோடு இறுக்கிக் கட்டுங்கள், உயர் அழுத்த ஹோஸின் இரு முனைக்கும் பாதுகாப்புச் சங்கிலி போடுங்கள். தொடங்குமுன் ஹோஸிலும் குழாயிலும் உள்ள காற்றை முழுதாக வெளியேற்றுங்கள். அடைபட்ட காற்று பெரும் ஆற்றலைத் தேக்கி வைக்கும், இணைப்பு பிய்ந்தால் உயிரை வாங்கும்.

அழுத்தமானியைப் படிப்பது

தரையில் உள்ள மானி காட்டுவது அடியில் உள்ள அழுத்தமல்ல. 10 மீட்டர் நீர்நிரலுக்கு ஒரு பார் கூட்டிக்கொள்ளுங்கள். பேக்கர் 80 மீட்டரில் இருந்து, மானி 90 காட்டினால், குழாய் உராய்வைக் கழிப்பதற்கு முன் அங்கே 98 பார். பாறையின் சுமையும் மீட்டருக்கு ஏறக்குறைய 0.26 பார் என்பதால், 80 மீட்டரில் கிடைமட்ட விரிசலை அழுத்திக்கொண்டிருப்பது 21 பார்தான். ஏற்கனவே உள்ள விரிசலைத் தூக்கித் திறக்க அதற்கு மேல் கொஞ்சம் போதும். விரிசலே இல்லாத கிரானைட்டின் இழுவிசைத் தாங்குதிறன் ஆய்வகச் சோதனையில் பொதுவாக 70 முதல் 150 பார் என்பதால், அதைப் புதிதாகப் பிளக்க மிக அதிகம் வேண்டும். பல கிணறுகளில் குறைந்த அழுத்தத்திலேயே ஊற்று திறப்பதன் காரணம் இதுதான்.

அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றுங்கள், 10 பாருக்கு ஒரு முறை நிறுத்தி மானியையும் ஓட்டத்தையும் எழுதுங்கள். ஏறிக்கொண்டே போய்ச் சட்டென இறங்கி, பிறகு குறைந்த அழுத்தத்தில் நிலையாக ஓடினால் விரிசல் திறந்துவிட்டது. அத்தோடு நிறுத்தாதீர்கள். விரிசல் நீளவும், அடைத்த களிமண் தள்ளப்படவும், அந்த நிலையிலேயே 4,000 முதல் 8,000 லிட்டர் வரை தொடர்ந்து செலுத்துங்கள். ஒரு நிலைக்கு 15 முதல் 30 நிமிடம் ஆகும். திடீர் வீழ்ச்சி இல்லாமல் மெல்ல மெல்ல இறங்கினால் அடைப்பு கழுவப்படுகிறது என்று பொருள், அதுவும் நல்லதே.

அழுத்தம் எழவே இல்லையா? துளைக்கும் இறக்கும் குழாய்க்கும் நடுவே தண்ணீர் மேலேறுகிறதா பாருங்கள். ஏறினால் பேக்கர் ஒழுகுகிறது அல்லது விரிசல் அதைச் சுற்றிப் போகிறது, சில மீட்டர் நகர்த்தி மறுபடி உட்கார வையுங்கள். ஏறாவிட்டால் அங்கே ஏற்கனவே திறந்த ஊற்று தண்ணீரைக் குடிக்கிறது, பேக்கரை அதற்குக் கீழே கொண்டுபோங்கள். உச்ச அழுத்தம் வரை ஏறி ஐந்து நிமிடம் அசையாமல் நின்றால் அங்கே பாறை மூடியிருக்கிறது. வலுக்கட்டாயமாக வால்வை இறுக்காமல் அடுத்த நிலைக்குப் போங்கள்.

அருகில் உள்ள கிணறுகளையும் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். அங்கே மட்டம் ஏறினாலோ, கலங்கினாலோ விரிசல் அதுவரை இணைந்துவிட்டது. தரையில் எங்காவது தண்ணீர் கசிந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

பம்பை நிறுத்தியபின் வால்வை மூடி அழுத்தம் இறங்கும் விதத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு மெதுவாக வெளியேற்றுங்கள். மானி பூஜ்யத்துக்கு வராமல் பேக்கரின் அழுத்தத்தைத் தளர்த்துவது மிக ஆபத்தானது. சிக்கிய பேக்கரை இழுத்துப் பிய்க்காமல் அரைமணி நேரம் விட்டால் ரப்பர் பெரும்பாலும் சுருங்கிவிடும்.

பின் வேலை

கம்ப்ரசரால் தெளிந்த தண்ணீர் வரும்வரை ஊதுங்கள். செலுத்திய அளவு தண்ணீராவது வெளியே வந்திருக்க வேண்டும். அதற்கு முன் அளந்தால் நீங்கள் ஊற்றியதையே திரும்ப அளக்கிறீர்கள், வரத்து பொய்யாகப் பெரிதாகத் தெரியும். சில நாள் கழித்து, முன்பு அளந்த அதே ஆழத்தில், அதே நேர அளவில் மறுபடி அளந்து ஒப்பிடுங்கள். வறட்சி உச்சத்தில் இன்னொரு முறை அளந்தால்தான் உண்மையான பலன் தெரியும்.

கிணற்றைக் கிருமிநீக்கம் செய்ய லிட்டருக்கு 50 மி.கி. குளோரின் வேண்டும். 150 மி.மீ. துளையில் 100 மீட்டர் நீர்நிரல் என்றால் சுமார் 1,770 லிட்டர், அதற்கு 30 சதவீதப் பிளீச்சிங் பவுடர் 300 கிராம். 12 மணி நேரம் விட்டு, குளோரின் வாடை போகும்வரை இறைத்து வெளியேற்றுங்கள். குடிப்பதற்கு முன் நுண்ணுயிர்ச் சோதனை செய்துவிடுங்கள்.

புதிதாகத் திறந்த ஊற்றுக்கு நேரே மோட்டாரை இறக்காமல், சுவர் உறுதியான இடத்தில் வையுங்கள். முதல் சில நாள் கல்மாவு வரும் என்பதால், வால்வைப் பாதி மூடி, அளந்த வரத்துக்குக் குறைவாகவே ஓட்டுங்கள். வறண்டு ஓடாமல் நிறுத்தும் மட்டக் கருவியையும் பொருத்திக்கொள்ளுங்கள்.