பூமி எழுந்தபோது எனக்கு ஆங்கில டென்ஸ் (வினைச்சொல்லின் காலம்) புரிந்தது

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. சரக்கு வாங்கும் பையர் போனில் வந்தால் நேற்று நடந்ததையும் 'ஐ ஆம் கோயிங்' என்றே சொல்வேன். கிராமர் புத்தகத்தைத் திறந்தால் தூக்கம்தான்.

அப்புறம் ஒரு படம் கண்ணில் பட்டது. 1968 டிசம்பர் 24, நிலவைச் சுற்றிய அப்போலோ 8 விண்கலம். ஜன்னலில் பூமி எழும்ப, உள்ளே இருந்த விண்வெளி வீரர் பில் ஆண்டர்ஸ் அவசரமாகக் கலர் பிலிம் கேட்டு வாங்கி எடுத்தது. அந்தக் கதையைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்: 'தி எர்த் வாஸ் ரைசிங். ஆண்டர்ஸ் டுக் எ போட்டோ.' மெதுவாக நடந்துகொண்டிருந்தது வாஸ் ரைசிங். சட்டென்று முடிந்தது டுக். பிடிபட்டுவிட்டது. கதை தெரியாத படம் இதற்கு ஆகாது.

இப்போது எங்கள் அப்பாருவின் (தாத்தாவின்) கல்யாண போட்டோ. பக்கத்தில் நிற்கும் அருமைக்காரரை, அதாவது எங்கள் கொங்குக் கல்யாணத்தில் சடங்குகளை நடத்தி வைக்கும் பெரியவரை, ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று இரண்டு நாளாக முழிக்கிறேன்.