டிஸ்னி வேர்ல்டில் பாதி விடுமுறையில் ஹோட்டல் மாறுவது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ பக்கம் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கு நாங்கள் நாலு பேர் போனோம். நான், கணவர், நாலு வயது மகன், மதுரையிலிருந்து வந்திருந்த அத்தை. ஆறு இரவு. முதல் மூன்று இரவு பாப் செஞ்சுரி என்ற சிக்கன ஹோட்டலில், அடுத்த மூன்று இரவு கன்டெம்பரரி என்ற விலை கூடிய ஹோட்டலில். இப்படி ஒரே பயணத்தில் இரண்டு இடத்தில் தங்குவதை அங்கே 'ஸ்ப்ளிட் ஸ்டே' என்பார்கள். போய் வந்த பிறகு எங்கள் அபார்ட்மென்டில் மூன்று குடும்பம் இதைப் பற்றிக் கேட்டுவிட்டது. ஒவ்வொருவருக்கும் ஃபோனில் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு விஷயம். யூடியூபில் பழைய டிஸ்னி வீடியோக்களைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள். அந்தக் காலத்தில் உங்கள் பெட்டியை நீங்கள் தொடவே வேண்டியதில்லை. 2005-இல் தொடங்கிய மேஜிக்கல் எக்ஸ்பிரஸ் என்ற இலவசப் பேருந்து விமான நிலையத்திலிருந்து உங்களை ஹோட்டலுக்கு ஏற்றிக்கொண்டு போகும். மஞ்சள் சீட்டு ஒட்டிய பெட்டிகள் விமானத்திலிருந்து நேரே உங்கள் அறைக்கு வந்துவிடும். ஊருக்குத் திரும்பும் நாளில் ஹோட்டல் வாசலிலேயே விமானத்துக்குப் பெட்டியை ஒப்படைத்து போர்டிங் பாஸும் வாங்கிக்கொள்ளலாம். அதெல்லாம் போய்விட்டது. வாசல் செக்-இன் 2020-லேயே நின்றது. அந்தப் பேருந்தும் 2022 ஜனவரி முதல் இல்லை. அறைச் சாவியாகவும் பார்க் டிக்கெட்டாகவும் பயன்படும், கையில் கட்டும் மேஜிக்பேண்டை இலவசமாகக் கொடுத்ததும் 2020-ஓடு சரி. திரும்பி வந்த ஒரே பெரிய சலுகை கார் நிறுத்தக் கட்டணம்தான். 2018-இல் இரவுக்கு இவ்வளவு என்று வாங்க ஆரம்பித்ததை 2023 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள்.

ஒரு டிஸ்னி ஹோட்டலில் விட்ட பெட்டியை அவர்களே வண்டியில் அடுத்த டிஸ்னி ஹோட்டலுக்குச் சேர்ப்பதும் பல வருடம் நடந்த வழக்கம். உங்கள் தேதியில் அது உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உண்டு என்றாலும் அதை நம்பி நாளைத் திட்டமிட வேண்டாம் என்பேன். "என் பெட்டியை நான்தான் தூக்கப்போகிறேன்" என்ற முடிவிலிருந்து ஆரம்பித்தால் கீழே உள்ள எல்லாம் சுலபமாகிவிடும்.

படி 1: மாறத்தான் வேண்டுமா?

நாலு இரவுக்குக் குறைவாகப் போனால் வேண்டாம். ஒரே இடத்தில் இருங்கள். ஐந்து, ஆறு இரவு என்றால் யோசிக்கலாம்.

மாறுவதற்கு நல்ல காரணம் ஒன்றுதான்: எந்தப் பார்க்குக்கு எந்த ஹோட்டல் பக்கம் என்பது. இடம் அவ்வளவு பெரியது, ஏறக்குறைய நூறு சதுர கிலோமீட்டர். எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ், மேஜிக் கிங்டம், அனிமல் கிங்டம் என்ற நாலு பார்க்கும் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கின்றன. பாப் செஞ்சுரியிலிருந்து ஸ்கைலைனர் என்ற ரோப் கார் உண்டு. கரீபியன் பீச் நிலையத்தில் இறங்கி மாறினால் எப்காட்டுக்கும் போகலாம், ஹாலிவுட் ஸ்டுடியோஸுக்கும் போகலாம். கன்டெம்பரரியிலிருந்து மேஜிக் கிங்டம் பத்து நிமிட நடை. ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் மோனோரயிலும் இருக்கிறது. அனிமல் கிங்டமுக்கு எங்கிருந்தாலும் பேருந்தோ காரோதான்.

அதனால் கணக்கு இப்படிப் போட்டோம். ரோப் காரில் போகும் இரண்டு பார்க்கையும் முதல் பாதியில் முடிப்பது, மேஜிக் கிங்டமை இரண்டாம் பாதிக்கு வைப்பது. அத்தைக்கு முழங்கால் வலி. மதியம் ஒரு மணிக்கு அறைக்கு வந்து படுத்துவிட்டு மாலை மறுபடி போக வேண்டும் என்றால் பக்கத்தில் இருக்கும் ஹோட்டல்தான் சரிப்படும். அந்த விலையை ஆறு இரவுக்கும் கொடுக்க எங்களால் முடியாது, மூன்று இரவுக்கு முடிந்தது. சிக்கன ஹோட்டல் முதலில், வசதியானது பிறகு என்ற வரிசையையும் மாற்றாதீர்கள். களைப்பு சேரச் சேர வசதி அதிகம் தேவைப்படும்.

வாடகையைப் பார்க்கும்போது வரியைச் சேர்த்துப் பாருங்கள். நாங்கள் தங்கிய இரண்டு இடமும் ஆரஞ்சு கவுன்ட்டியில் (நம் மாவட்டம் மாதிரி) வருகின்றன. அங்கே விடுதி வரி 12.5 சதவீதம்.

படி 2: முன்பதிவு

இரண்டு ஹோட்டலுக்கும் தனித்தனி முன்பதிவு, தனித்தனி உறுதிப்பாட்டு எண். இரண்டையும் ஒரே ஆள் பேரில் செய்யுங்கள். அப்புறம் மை டிஸ்னி எக்ஸ்பீரியன்ஸ் செயலியில் இரண்டையும் ஒரே கணக்கில் சேருங்கள். அறைக் கதவைத் திறப்பதும் அறை தயார் என்ற செய்தி வருவதும் அதில்தான்.

பார்க் டிக்கெட்டை மட்டும் அறையோடு சேர்த்து இரண்டு துண்டாக வாங்கிவிடாதீர்கள். ஒரே டிக்கெட்டில் நாட்கள் கூடக் கூட ஒரு நாளின் விலை குறையும். இரண்டு நாள் டிக்கெட் இரண்டு வாங்குவதைவிட ஒரு நாலு நாள் டிக்கெட் மலிவு. நாலு நாள் டிக்கெட்டைத் தொடங்கும் தேதியிலிருந்து ஏழு நாளுக்குள் பயன்படுத்தலாம். ஆறு இரவுப் பயணத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். தனியாக வாங்குங்கள்.

உணவக மேசைக்கு 60 நாள் முன்னால், வரிசையைத் தவிர்க்கும் லைட்னிங் லேனுக்கு ஹோட்டல் விருந்தினர் என்றால் செக்-இன்னுக்கு 7 நாள் முன்னால் பதிவு திறக்கும். உங்களுக்கு இரண்டு செக்-இன் தேதி இருக்கிறது. இரண்டையும் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

படி 3: பெட்டி கட்டுவது

இதில்தான் எல்லாமே இருக்கிறது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நாலு பேருக்கு ஆளுக்கொரு பெட்டி என்று நம் வீட்டில் பிரிப்போம். ஹோட்டல் மாறும் பயணத்துக்கு அது ஒத்துவராது. நான் பிரித்தது ஹோட்டல் கணக்கில். முதல் மூன்று நாள் துணி எல்லாருக்கும் ஒரு பெட்டி, அடுத்த மூன்று நாள் துணி எல்லாருக்கும் இன்னொரு பெட்டி. இரண்டாவது பெட்டியை பாப் செஞ்சுரியில் திறக்கவே இல்லை. கதவுப் பக்கம் நிறுத்தியது நிறுத்தியபடி இருந்தது. மாறும் நாள் காலையில் ஒரு பெட்டியைத்தான் அடுக்க வேண்டியிருந்தது, அதுவும் முழுக்க அழுக்குத் துணி.

மூன்றாவதாக ஒரு முதுகுப்பை. இதை 'நடுநாள் பை' என்று வீட்டில் பேர் வைத்தோம். யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாத பை இது. எங்கள் பையில் இருந்தவை: எல்லாருடைய அடையாள அட்டை, அத்தையின் பாஸ்போர்ட், கிரெடிட் கார்டு, இரண்டு ஃபோன் சார்ஜர், மகனுக்கு ஒரு மாற்றுத்துணி, நீச்சல் உடை, மழைக்கோட்டு, பிஸ்கட், அத்தையின் மாத்திரை டப்பா. ஃபுளோரிடாவில் கோடை மதியங்களில் திடீரென்று மழை அடித்து ஊற்றும். மழைக்கோட்டை விட்டுவிடாதீர்கள்.

அந்த மாத்திரை டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன வருடம் வேறொரு ஊரில் இதேபோல ஹோட்டல் மாறினோம். சர்க்கரை மாத்திரையைப் பெரிய பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியை லாபியில் ஒப்படைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். சாப்பாட்டு நேரத்தில் அத்தை, "மாத்திரை எங்கம்மா?" என்று கேட்டபோதுதான் உறைத்தது. போய் எடுத்து வர ஒன்றரை மணி நேரம் ஆனது. அதுவரை அத்தை சாப்பிடாமல் காத்திருந்தார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் மாத்திரை பெட்டிக்குள் போனதே இல்லை.

நம் ஆட்களுக்கு இன்னொரு குறிப்பு. பருப்புப் பொடி, ஊறுகாய், தயிர் என்று ஒரு சாப்பாட்டுப் பை இருக்குமே, அதில் குளிர்ச்சியில் வைக்க வேண்டியதை மாறும் நாளுக்கு முந்தின இரவே தீர்த்துவிடுங்கள். அறையில் சின்ன ஃப்ரிட்ஜ் இருக்கும். ஆனால் ஒரு ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அடுத்த ஃப்ரிட்ஜில் வைக்கும்வரை பல மணி நேரம் ஆகலாம், அந்த வெயிலில் தயிர் தாங்காது.

படி 4: முந்தின இரவு

செயலியில் இரண்டாவது ஹோட்டலுக்கு ஆன்லைன் செக்-இன் செய்துவிடுங்கள். முதல் ஹோட்டலின் பில்லைப் பாருங்கள். தவறு இருந்தால் அன்றைக்கே ரிசப்ஷனில் சொல்லுங்கள், காலையில் அங்கே வரிசை நிற்கும்.

ஃப்ரிட்ஜ், பாத்ரூம் கதவின் பின்பக்கம், கட்டிலுக்கு அடியில், லாக்கர். இந்த நாலு இடத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மகனின் ஒரு செருப்பு கட்டிலுக்கு அடியில்தான் கிடைத்தது.

படி 5: மாறும் நாள் காலை

செக்-அவுட் காலை 11 மணி. புது ஹோட்டலில் செக்-இன் மாலை 3 மணி (டிஸ்னியின் டைம்ஷேர் வில்லாக்களில் 4). நடுவில் நாலு மணி நேரம் உங்களுக்கு அறை கிடையாது. அந்த நேரத்தில் பெட்டிகள் எங்கே இருக்கும் என்பதுதான் கேள்வி.

பெட்டியைப் பழைய ஹோட்டலில் விட்டுவிட்டு ஊர் சுற்றி, சாயங்காலம் வந்து எடுத்துக்கொண்டு போகலாம் என்று பலர் நினைப்பார்கள். அப்படிச் செய்யாதீர்கள். களைத்துப்போன நேரத்தில் மறுபடி பழைய இடத்துக்கு ஓர் அலைச்சல் மிஞ்சும். காலையிலேயே பெட்டிகளோடு புது ஹோட்டலுக்குப் போய் அங்கே ஒப்படைத்துவிடுங்கள். அறை தயாராகும்வரை பெல் சர்வீசஸ் என்ற பெட்டி பார்த்துக்கொள்ளும் பிரிவு ஆட்கள் வைத்திருப்பார்கள்.

எதில் போவது? டிஸ்னியின் இலவசப் பேருந்துகள் பெரும்பாலும் ஹோட்டலிலிருந்து பார்க்குகளுக்கும் டிஸ்னி ஸ்பிரிங்ஸ் கடைவீதிக்கும் ஓடுகின்றன. ஹோட்டலுக்கு ஹோட்டல் போக வேண்டுமென்றால் நடுவில் இறங்கி வேறு பேருந்து பிடிக்க வேண்டும். இரண்டு பெட்டி, ஒரு குழந்தை, ஒரு பெரியவரோடு அது வேண்டாம். ஊபர் அல்லது லிஃப்ட் (Lyft) என்ற டாக்ஸி செயலியில் பெரிய வண்டியாகக் கூப்பிடுங்கள். எங்களுக்கு டிப்ஸோடு 24 டாலர் ஆனது. அந்தக் காசை முதலிலேயே பட்ஜெட்டில் எழுதிவிடுங்கள். ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஃபுளோரிடா சட்டப்படி குழந்தை இருக்கை வேண்டும், எங்கள் மகனைப் போல நாலு வயது ஆன பிள்ளை என்றால், உயரம் கூட்டும் மடிக்கும் பூஸ்டர் இருக்கை ஒன்று கையில் இருந்தால் கவலையில்லை.

நாங்கள் ஒன்பதரைக்குக் கிளம்பினோம். பத்து மணிக்குள் கன்டெம்பரரி வாசல். பெல் சர்வீசஸ் மேசையில் இருந்தவர் முன்பதிவுப் பெயரைக் கேட்டார், ஒவ்வொரு பெட்டியின் கைப்பிடியிலும் எண் போட்ட சீட்டைக் கட்டினார், அதே எண் உள்ள அடிச்சீட்டைக் கிழித்து என்னிடம் கொடுத்தார். அந்த அடிச்சீட்டை உடனே ஃபோனில் படம் எடுங்கள், பெட்டியையும் சேர்த்து. சீட்டு காலையில் பாக்கெட்டில் இருக்கும், மாலையில் இருக்காது. பெட்டிக்கு ஒன்று, இரண்டு டாலர் டிப்ஸ் கொடுப்பது அமெரிக்க வழக்கம். சில்லறை நோட்டு முந்தின நாளே மாற்றி வையுங்கள்.

படி 6: அந்த நாலு மணி நேரம்

டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்களுக்கு எல்லா பார்க்கிலும் அரை மணி நேரம் முன்னதாக உள்ளே போகும் சலுகை உண்டு. மாறும் நாளில் அதற்கு ஆசைப்படாதீர்கள். விடியற்காலையில் பெட்டியைக் கட்டி, குழந்தையை அதட்டி எழுப்பி ஓடினால் மொத்தக் குடும்பமும் அன்று முழுக்கக் கடுகடுவென்றுதான் இருக்கும். அன்றைய நாளைப் பாதிநாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

புது ஹோட்டலின் நீச்சல் குளத்தை அறை கிடைப்பதற்கு முன்பே பயன்படுத்தலாம். மகனும் கணவரும் அங்கே போனார்கள். நானும் அத்தையும் உள்ளே உட்கார்ந்தோம். 1971-இல் பார்க் திறந்தபோதே கட்டிய ஹோட்டல் இது. மோனோரயில் கட்டடத்தின் நடுவிலேயே புகுந்து போகும். நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, தலைக்கு மேலே ஒவ்வொரு ரயிலும் உள்ளே வந்து வெளியே போவதை அத்தை எண்ணிக்கொண்டே இருந்தார்கள். "எட்டாவது" என்று அவர்கள் சொன்னபோது ஃபோனில் அறை எண் வந்தது. மணி இரண்டே கால்.

மூன்று மணிக்கும் செய்தி வரவில்லை என்றால் செயலியையே பார்த்துக்கொண்டிருக்காமல் ரிசப்ஷனுக்கு நேரில் போய்க் கேளுங்கள்.

படி 7: புது அறையில்

பெட்டிகளை அறைக்கு வரவழைக்கலாம். கூட்ட நேரத்தில் காத்திருக்க வேண்டியிருக்கும். எங்களுக்கு இரண்டே பெட்டி என்பதால் நாங்களே உருட்டிக்கொண்டு போனோம்.

2020-க்குப் பிறகு பல அமெரிக்க ஹோட்டல்களில் அறையைச் சுத்தம் செய்வது தினமும் நடப்பதில்லை. எந்தெந்த நாள் ஆள் வருவார்கள் என்று முதலிலேயே கேட்டு, கூடுதல் துண்டும் அப்போதே வாங்கி வைத்துவிடுங்கள். நீச்சல் குளம் போகும் பிள்ளை இருந்தால் துண்டு போதவே போதாது.

கடைசியாக ஒன்று, இதைத்தான் நிறைய பேர் மறக்கிறார்கள். விமான நிலையத்துக்குத் திரும்ப மியர்ஸ் போன்ற கட்டணப் பேருந்தில் இரு வழிக்கும் பதிவு செய்திருந்தால், ஏற்றிக்கொள்ளும் இடமாக முதல் ஹோட்டலின் பெயரே இருக்கக்கூடும். அன்று சாயங்காலமே பதிவைத் திறந்து, திரும்பும் வழியில் இரண்டாவது ஹோட்டலின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் பதிவில் பாப் செஞ்சுரி என்றுதான் இருந்தது. ஃபோன் செய்து மாற்ற ஐந்து நிமிடம் ஆனது.