ஆர்டுயினோ வைத்து 12 வோல்ட் பேட்டரியை அளப்பது எப்படி?

இன்வெர்ட்டர் பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, அதன் வோல்டேஜைப் பார்ப்பதுதான் எளிய வழி. ஒவ்வொரு முறையும் மல்டிமீட்டரைத் தூக்கிக்கொண்டு போகாமல், ஒரு ஆர்டுயினோ யூனோ போர்டும் (கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதி ஏற்றக்கூடிய சின்ன சர்க்யூட் போர்டு) சின்ன வோல்டேஜ் சென்சார் மாட்யூலும் வைத்து இந்த வேலையை முடிக்கலாம். எலக்ட்ரானிக்ஸ் பக்கம் இப்போதுதான் வருகிறீர்கள் என்றால், இதிலிருந்து தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

யூனோ போர்டு, அதன் யுஎஸ்பி கேபிள், 25 வோல்ட் வரை அளக்கும் மாட்யூல், நாலைந்து ஜம்பர் வயர், சின்ன ஸ்க்ரூடிரைவர். இவற்றோடு சாதாரண மல்டிமீட்டர் ஒன்றும் வேண்டும். அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கினாலும் பரவாயில்லை, அது இல்லாமல் தொடங்காதீர்கள். காரணம் பாதி வழியில் தெரியும்.

மாட்யூலுக்குள் என்ன இருக்கிறது

சென்சார் என்று பெயர்தான் பெரிது. உள்ளே வேலை செய்வது இரண்டே ரெசிஸ்டர் (மின்தடை): 30 கிலோ ஓம் ஒன்று, 7.5 கிலோ ஓம் ஒன்று. இரண்டும் தொடராக இணைந்திருக்கின்றன. பேட்டரியின் வோல்டேஜ் இரண்டுக்கும் சேர்த்துக் கிடைக்கிறது. யூனோவுக்குப் போவது 7.5 கிலோ ஓம் ரெசிஸ்டரின் பங்கு மட்டும். மொத்தம் 37.5, அதில் 7.5 என்றால் சரியாக ஐந்தில் ஒரு பங்கு. 12 வோல்ட் கொடுத்தால் 2.4 வோல்ட் வெளியே வரும், 25 கொடுத்தால் 5 வரும். யூனோவின் அனலாக் பின், அதாவது வோல்டேஜை அளக்கும் பின், 5 வோல்ட் வரைதான் அளக்கும். 25 என்ற எல்லை அங்கிருந்து வருகிறது.

இது டிசிக்கு, அதாவது பேட்டரி தரும் நேர்மின்சாரத்துக்கு மட்டும். வீட்டு பிளக்கில் வரும் 230 வோல்ட் ஏசியை இதில் கொடுக்கவே கூடாது. உயிருக்கே ஆபத்து.

வயரிங்

மாட்யூலின் ஒரு பக்கம் மூன்று பின் இருக்கும். எஸ் என்று எழுதியிருப்பதை யூனோவின் ஏ0 பின்னுக்கும், மைனஸை ஜிஎன்டி (கிரவுண்ட்) பின்னுக்கும் இணையுங்கள். பிளஸ் பின் இந்த வேலைக்குத் தேவையில்லை, விட்டுவிடலாம். மறுபக்கம் ஸ்க்ரூ டெர்மினல்: விசிசி என்பது பேட்டரியின் பிளஸுக்கு, ஜிஎன்டி என்பது மைனஸுக்கு. ஆனால் பேட்டரியை இப்போதே இணைக்க வேண்டாம். முதலில் புரோகிராம்.

புரோகிராம்

புதிதாக எழுத வேண்டியதே இல்லை. ஆர்டுயினோ மென்பொருளைத் திறந்து ஃபைல், எக்ஸாம்பிள்ஸ், பேசிக்ஸ் என்று போனால் ‘ரீட் அனலாக் வோல்டேஜ்’ என்ற உதாரணம் தயாராக இருக்கும். அதில் 5.0 வகுத்தல் 1023.0 என்று ஒரு வரி வரும். அந்த 5.0 இருக்கும் இடத்தில் 25.0 என்று மாற்றுங்கள், அவ்வளவுதான். மாட்யூல் ஐந்தால் வகுத்ததை இங்கே ஐந்தால் பெருக்கிச் சரிக்கட்டுகிறோம். புள்ளியை இரண்டு எண்ணிலும் அழித்துவிட்டால் கணக்கு முழு எண்ணில் நடந்து எப்போதும் 0.00தான் வரும், கவனம். திரையில் எண்கள் வேகமாக ஓடினால், கடைசி கட்டளைக்குக் கீழே, மூடும் அடைப்புக்குறிக்கு முன் delay(500); என்று ஒரு வரி சேருங்கள். அரை விநாடிக்கு ஒன்றாக வரும்.

புரோகிராமை போர்டில் அப்லோட் செய்துவிட்டு, போர்டு அனுப்பும் எண்களைக் கம்ப்யூட்டரில் காட்டும் சீரியல் மானிட்டரை 9600 வேகத்தில் திறங்கள். டெர்மினலில் எதுவும் இணைக்காதபோது 0.00 அல்லது அதற்குப் பக்கத்தில் வர வேண்டும். எண்கள் காரணமே இல்லாமல் ஏறி இறங்கினால், எஸ் வயர் ஏ0 பின்னில் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம்.

ஒரு சின்ன சோதனை

பேட்டரிக்குப் போகும் முன் இதைச் செய்து பாருங்கள். யூனோவின் 5 வோல்ட் பின்னிலிருந்து ஒரு வயரை ஸ்க்ரூ டெர்மினலின் விசிசிக்குக் கொடுங்கள். திரையில் 4.99 அல்லது 5.01 வரும். பிரமாதம் என்று தோன்றும். இப்போது அதே இடத்தில் மல்டிமீட்டரை வையுங்கள். என் மேசையில் அது காட்டியது 4.87.

யார் சொல்வது சரி? மல்டிமீட்டர்தான். யூனோ வோல்டேஜை நேராக அளப்பதில்லை. தனக்குக் கிடைக்கும் சப்ளையை 1024 படிகளாகப் பிரித்து, வருவது எத்தனையாவது படி என்று மட்டும் பார்க்கிறது. அந்த சப்ளை 5 வோல்ட் என்பது நாம் புரோகிராமில் எழுதிவைத்த நம்பிக்கை. கேபிளைப் பொறுத்து, யுஎஸ்பி போர்ட்டைப் பொறுத்து அது 4.7 ஆகவும் இருக்கலாம், 5.1 ஆகவும் இருக்கலாம். தன் சப்ளையைத் தன்னை வைத்தே அளக்கச் சொன்னால் எப்போதும் ஐந்து என்றுதான் சொல்லும். பல விளக்கங்களில் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தொடங்குபவர்கள் தவறான எண்ணை நம்பி நல்ல பேட்டரியைச் சந்தேகப்படுவது இதனால்தான்.

அளவைச் சரிசெய்வது

5 வோல்ட் வயரைக் கழற்றிவிட்டு 12 வோல்ட் பேட்டரியை இணையுங்கள். பிளஸ் வயரில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன ஃபியூஸ் போடுங்கள். வயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால், லெட் ஆசிட் பேட்டரி தள்ளும் கரண்ட்டில் அந்த மெல்லிய வயர் எரிந்துவிடும்.

எனக்குத் திரையில் 12.95 வந்தது, மல்டிமீட்டரில் 12.62. சரிசெய்ய ஒரே கணக்கு: புரோகிராமில் உள்ள எண்ணை மல்டிமீட்டர் அளவால் பெருக்கி, திரையில் வந்த அளவால் வகுக்க வேண்டும். 25.0 பெருக்கல் 12.62 வகுத்தல் 12.95, விடை 24.36. இதை 25.0 இருந்த இடத்தில் எழுதி மறுபடி அப்லோட் செய்தால் இரண்டும் ஒத்துப்போகும். ரெசிஸ்டர்களில் இருக்கும் சிறு பிசகும் இதிலேயே சேர்ந்து சரியாகிவிடும். ஒரு படி என்பது ஏறக்குறைய 0.024 வோல்ட், ஆகவே கடைசி இலக்கம் கொஞ்சம் தாவுவது இயல்பு.

லேப்டாப்பில் சரிசெய்துவிட்டு, பிறகு போன் சார்ஜரில் போர்டை ஓட்டினால் சப்ளை மாறும், கணக்கும் மாறும். நிரந்தரமாக எதில் ஓடப்போகிறதோ அதை இணைத்துவிட்டுச் சரிசெய்யுங்கள்.

இரண்டு பேட்டரி இருந்தால்

24 வோல்ட் இன்வெர்ட்டரில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இருக்கும். 25 வோல்ட் மாட்யூல் போதுமே என்று நினைக்காதீர்கள். சார்ஜ் ஆகும்போது அது 28 வோல்ட்டைத் தாண்டும். ஏ0 பின்னுக்கு 5.6 வோல்ட்டுக்கு மேல் போகும். போர்டு தாங்காது.

சரி, இரண்டு மாட்யூல் வாங்கி ஒவ்வொரு பேட்டரிக்கும் ஒன்று வைத்தால்? அது இன்னும் ஆபத்து. மாட்யூலில் இரு பக்க ஜிஎன்டியும் ஒன்றே. கீழ் பேட்டரியின் மைனஸும் மேல் பேட்டரியின் மைனஸும் ஒரே போர்டில் சேர்ந்தால், கீழ் பேட்டரி அந்த வயர்கள் வழியாக நேரடி ஷார்ட் ஆகிவிடும். தொடங்கும்போது ஒற்றை 12 வோல்ட் பேட்டரியோடு நில்லுங்கள்.

எண்ணைப் படிப்பது

சார்ஜரில் இருக்கும்போது 13.5, 14.4 என்றெல்லாம் காட்டும். அது சார்ஜர் தள்ளும் வோல்டேஜ், பேட்டரியின் நிலை அல்ல. மின்விசிறி ஓடும்போது இறங்கிக் காட்டுவதும் அப்படித்தான். சார்ஜரையும் லோடையும் (பேட்டரியில் ஓடும் சாதனங்களை) கழற்றிச் சில மணி நேரம் விட்டு அளந்தால், முழு சார்ஜ் உள்ள லெட் ஆசிட் பேட்டரி 12.6, 12.7 பக்கம் நிற்கும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. அதற்குக் கீழே போனால் உடனே சார்ஜில் போடுங்கள்.