ஜப்பான் டிவி நிகழ்ச்சியை டிவிடி-ஆர்டபிள்யூவில் பதிவு செய்வது எப்படி? சிபிஆர்எம் பூட்டைப் புரிந்துகொண்டு ஒரு செய்முறை

ஜப்பானில் வீடு எடுத்துத் தங்கியிருந்து, ஹார்ட் டிஸ்க் வைத்த டிவிடி ரெகார்டரோ ப்ளூரே ரெகார்டரோ கையில் வந்தவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். டிவி நிகழ்ச்சி ஹார்ட் டிஸ்க்கில் அழகாகப் பதிவாகிறது. டிஸ்க்குக்கு மாற்றப் போனால் "இந்த டிஸ்க்கில் முடியாது" என்று வருகிறது. எப்படியோ ஏற்றிவிட்டாலும் மற்ற பிளேயரில் ஓடுவதில்லை. டிஸ்க் பழுது என்று நினைத்துப் புதிது வாங்குகிறார்கள், அதுவும் அப்படியே. பிரச்சினை டிஸ்க்கின் தரத்தில் இல்லை, பூட்டில் இருக்கிறது.

ஜப்பானின் டிஜிட்டல் ஒளிபரப்பு 2004 ஏப்ரலிலிருந்து காப்பிக் கட்டுப்பாட்டோடுதான் வருகிறது. முதலில் 'காப்பி ஒன்ஸ்' என்ற விதி இருந்தது: ஹார்ட் டிஸ்க்கில் பதிவான நிகழ்ச்சியை ஒரே ஒரு முறை டிஸ்க்குக்கு நகர்த்தலாம், நகர்த்தியதும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து அது மறைந்துவிடும். மக்கள் கடுப்பானார்கள். 2008 ஜூலை 4 முதல் 'டப்பிங் 10' வந்தது (டப்பிங் என்றால் இங்கே குரல் கொடுப்பதல்ல, பதிவை டிஸ்க்குக்கு மாற்றுவது): ஒன்பது காப்பி, பத்தாவது நகர்த்தல். கட்டணச் சேனல்கள் பலவற்றில் இன்னும் அந்தப் பழைய ஒரு முறை விதிதான்.

இப்படிக் காப்பிக் கட்டுப்பாட்டுக் குறியோடு வரும் நிகழ்ச்சியை டிவிடியில் எழுதச் சிபிஆர்எம் என்ற பாதுகாப்பு முறை வேண்டும். தலைப்பில் சொன்ன பூட்டு அதுதான். ஐபிஎம், இன்டெல், மட்சுஷிட்டா (இன்றைய பானசோனிக்), தோஷிபா என்ற நான்கு நிறுவனங்கள் சேர்ந்து அதை உருவாக்கின. சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: சரியான டிஸ்க்கை வாங்குங்கள்

கடை அலமாரியில் இரண்டு வகை டிஸ்க் இருக்கும். 'ரொகுகா-யோ' என்றால் டிவி பதிவுக்கானது, 'டேட்டா-யோ' என்றால் கம்ப்யூட்டருக்கானது. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், விலையில் கொஞ்சம் வித்தியாசம். டேட்டா டிஸ்க்கில் பெரும்பாலும் சிபிஆர்எம் இருக்காது, அதனால் உறையில் 'சிபிஆர்எம் தைஓ' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். தைஓ என்றால் 'ஆதரவு உண்டு'.

டிவிடி-ஆர்டபிள்யூ, டிவிடி-ராம் இரண்டும் அழித்து எழுதும் வகை, இரண்டிலும் சிபிஆர்எம் உள்ளவை கிடைக்கும். பிளஸ் குறி போட்ட டிவிடி+ஆர்டபிள்யூவை இந்த வேலைக்கு வாங்காதீர்கள், அதில் சிபிஆர்எம் கிடையாது. ஒரு சிறு புலம்பல்: பதிவு டிஸ்க்கின் விலையில் ஒரு காலத்தில் பதிப்புரிமையாளர்களுக்கான ஈட்டுத்தொகையும் சேர்ந்தே இருந்தது. காசையும் வாங்கிக்கொண்டு பூட்டையும் போடுகிறார்களே என்று அங்கே அப்போதே சண்டை நடந்தது. எனக்கும் அது நியாயமான கோபமாகத்தான் படுகிறது.

டிஸ்க்கைக் கையில் எடுத்து, பதிவாகும் பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நடு ஓட்டையை ஒட்டிய உள்வட்டத்தில் பார்கோடு போல மெல்லிய கோடுகள் தெரியும். அந்த டிஸ்க்குக்கு மட்டுமே உரிய எண் அங்கேதான் லேசரால் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதை அழிக்கவோ மாற்றவோ வீட்டு டிரைவால் முடியாது.

படி 2: விஆர் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள்

புது டிவிடி-ஆர்டபிள்யூவைப் போட்டதும் ரெகார்டர் இரண்டு தேர்வு தரும்: வீடியோ முறை, விஆர் (வீடியோ ரெக்கார்டிங்) முறை. வீடியோ முறையில் எழுதினால் பெரும்பாலான டிவிடி பிளேயர்களில் ஓடும். ஆனால் காப்பிக் குறி உள்ள டிஜிட்டல் ஒளிபரப்பை அந்த முறையில் எழுத அனுமதியே இல்லை. எனவே விஆர்தான். பழைய டிஸ்க் ஏற்கெனவே வீடியோ முறையில் இருந்தால் மெனுவுக்குள் போய் மறுபடி ஃபார்மேட் செய்யலாம். அதில் இருப்பதெல்லாம் போய்விடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

படி 3: மிச்சம் எத்தனை என்று பாருங்கள்

ஹார்ட் டிஸ்க் பட்டியலில் நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுத்து விவரம் பார்த்தால், இன்னும் எத்தனை முறை டப்பிங் செய்யலாம் என்று தெரியும். ஒன்று என்றால் அது நகர்த்தல். எழுதி முடித்ததும் ஹார்ட் டிஸ்க்கில் இருக்காது. நகர்த்தல் நடக்கும்போது பிளக்கைப் பிடுங்காதீர்கள். நடுவில் மின்சாரம் போனால் பதிவு இரண்டு இடத்திலும் இல்லாமல் போகலாம். கடைசி ஒன்றுக்குக் கீறல் விழுந்த பழைய டிஸ்க்கை நம்ப வேண்டாம்.

விளம்பரங்களை வெட்டுவது, தலைப்புப் போடுவது எல்லாவற்றையும் டப்பிங்குக்கு முன்பே ஹார்ட் டிஸ்க்கில் முடித்துவிடுங்கள்.

படி 4: டிஸ்க்கில் எழுதுங்கள்

ஒரு மணி நேரத் தரைவழி (சாட்டிலைட் அல்லாத) ஹெச்டி நிகழ்ச்சி சுமாராக 7 ஜிபி பிடிக்கும். டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. அப்படியே ஏறாது என்பதால் ரெகார்டர் படத்தின் தரத்தைக் குறைத்து எழுதும். எந்தத் தரத்தில் என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். ஒரு டிஸ்க்கில் எக்ஸ்பி என்றால் ஒரு மணி நேரம், எஸ்பி என்றால் இரண்டு மணி நேரம், எல்பி என்றால் நான்கு மணி நேரம். எஸ்பிதான் என் விருப்பம். எல்பியில் முகங்கள் கட்டம் கட்டமாகத் தெரிய ஆரம்பிக்கும். இப்படிக் குறைத்து எழுதும்போது அதிவேக டப்பிங் கிடைக்காது. இரண்டு மணி நேர நிகழ்ச்சிக்கு இரண்டு மணி நேரம் ஆகும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கிவிடுவது நல்லது.

ஒளிபரப்பான ஹெச்டி தரம் அப்படியே வேண்டுமென்றால் ப்ளூரே ரெகார்டரும், பிடி-ஆர்ஈ (அழித்து எழுதும் ப்ளூரே) போன்ற ப்ளூரே டிஸ்க்கும் வேண்டும். 25 ஜிபி டிஸ்க்கில் தரைவழி நிகழ்ச்சி மூன்று மணி நேரம் போல அப்படியே ஏறும். அங்கே பூட்டின் பெயர் ஏஏசிஎஸ், வேலை ஏறக்குறைய இதேதான்.

படி 5: ஃபைனலைஸ்

டிவிடி-ஆர்டபிள்யூவை வேறு கருவியில் போடப் போகிறீர்கள் என்றால் ஃபைனலைஸ் செய்துவிடுங்கள், அதாவது மற்ற கருவிகளும் படிக்கும்படி பதிவை முடித்து வையுங்கள். ஆர்டபிள்யூவில் இதைப் பல ரெகார்டர்களில் பிறகு ரத்து செய்து மேலும் எழுதலாம். ஒரு முறை மட்டும் எழுதும் வகையான டிவிடி-ஆரில் ரத்து கிடையாது. டிவிடி-ராமுக்கு ஃபைனலைஸே தேவையில்லை.

படி 6: வேறு இடத்தில் ஓட்டுவது

பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். பிளேயரின் முன்பக்கத்திலோ கையேட்டிலோ 'விஆர்', 'சிபிஆர்எம்' இரண்டும் இருக்க வேண்டும். விஆர் மட்டும் இருந்தால் போதாது. ஊருக்குக் கொண்டுபோய் நம் வீட்டுச் சாதாரண டிவிடி பிளேயரில் போட்டால் ஓடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கம்ப்யூட்டரில் ஓட்ட, டிரைவும் மென்பொருளும் இரண்டுமே சிபிஆர்எம் தெரிந்தவையாக இருக்க வேண்டும். பவர்டிவிடி, வின்டிவிடி போன்றவற்றின் சில பதிப்புகளில் இந்த வசதி உண்டு. முதல் முறை இணையத்தில் இணைத்து அதைச் செயல்படுத்தச் சொல்லும். இலவச பிளேயர்களைப் பொதுவாக நம்ப முடியாது.

டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் திறந்தால் ஒரு ஃபோல்டரும் அதற்குள் விஆர்ஓ என்று முடியும் ஒரு பெரிய ஃபைலும் தெரியும். இழுத்து டெஸ்க்டாப்பில் போட்டால் காப்பியும் ஆகும்! அங்கேதான் ஏமாற்றம். உள்ளே இருப்பது மறையாக்கம் செய்த தரவு. அதைத் திறக்கும் சாவி, கருவிக்குள் இருக்கும் ரகசியச் சாவியும், அந்த டிஸ்க்கின் உற்பத்தியிலேயே எழுதப்பட்ட சாவித் தொகுப்பும், உள்வட்டத்தில் பொறித்த எண்ணும் சேர்ந்தால்தான் உருவாகும். ஃபைலை இன்னொரு காலி டிஸ்க்கில் எழுதினால் அந்த டிஸ்க்கின் எண் வேறு. கணக்குப் போட்டு வரும் சாவியும் வேறு. ஆகவே ஓடாது. டிஸ்க்கை டிஸ்க்காக நகல் எடுத்தாலும் கதை இதேதான்.

இந்தப் பூட்டை உடைக்கும் மென்பொருள் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. ஜப்பானின் பதிப்புரிமைச் சட்டப்படி, பாதுகாப்பை உடைத்து எடுக்கும் காப்பி வீட்டு உபயோகத்துக்கே ஆனாலும் அனுமதிக்கப்பட்ட தனிப்பயன் கணக்கில் வராது. 2012 அக்டோபரில் இந்த விதி மறையாக்க வகைப் பூட்டுகளுக்கும் விரிந்தது.

வீட்டில் இதனால் என்ன ஆகிறது?

முதலாவது, ரெகார்டர் கெட்டால் பதிவும் போச்சு. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டினாலும் படிக்க முடியாது, அது அந்தக் கருவியோடு பூட்டப்பட்டது. டிவியின் பின்னால் செருகிப் பதிவு செய்யும் யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கும் பெரும்பாலும் அப்படித்தான். புது டிவி வாங்கி அதில் செருகினால் ஃபார்மேட் செய்யவா என்று கேட்கும். அவசரப்பட்டு 'ஆம்' அழுத்தாதீர்கள். முக்கியமானதைப் பழைய டிவி உயிரோடு இருக்கும்போதே, அது அனுமதித்தால், ரெகார்டர் வழியாக டிஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது, டிஸ்க் கெட்டால் மாற்று இல்லை. கம்ப்யூட்டர் ஃபைலுக்கு இன்னொரு காப்பி எடுத்து வைப்போம். இங்கே அதற்கு வழியில்லை. டப்பிங் 10 மிச்சம் இருக்கும்போதே பிடித்த நிகழ்ச்சியை இரண்டு டிஸ்க்கில் எழுதி, இரண்டையும் வேறு வேறு இடத்தில் வையுங்கள். இதுதான் சட்டத்துக்குள் நமக்கு இருக்கும் ஒரே காப்புப் பிரதி.

மூன்றாவது, டிஸ்க்கே அரிதாகிக்கொண்டு வருகிறது. பானசோனிக் 2023 பிப்ரவரியில் பதிவு ப்ளூரே டிஸ்க் உற்பத்தியை நிறுத்தியது. சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. வேறு நிறுவனங்களின் டிஸ்க்குகள் இப்போதும் கடையில் இருக்கின்றன. ஆனால் பத்து வருஷம் கழித்து ஓட்ட வேண்டுமென்றால் டிஸ்க்கோடு, சிபிஆர்எம் தெரிந்த ஒரு பிளேயரையும் பத்திரப்படுத்த வேண்டும்.

அப்புறம் ஒன்று, பலரும் தப்பாகப் புரிந்துகொள்வது. டிவிடி-ஆர்டபிள்யூவை ஆயிரம் முறை வரை அழித்து எழுதலாம் என்பார்கள், அதுவரை சரி. ஆனால் அழித்தால் போவது டிஸ்க்கில் உள்ள காப்பி மட்டுமே, ரெகார்டரின் எண்ணிக்கை திரும்ப ஏறாது. ஐந்து முறை எழுதி ஐந்தையும் அழித்துவிட்டாலும், அந்த நிகழ்ச்சிக்கு மிச்சம் ஐந்துதான்.