துளையிடாமல் துளைக்குறி பொருத்துவது எப்படி?

'பீப் சைட்' என்று கடைகளில் கேட்கும் துளைக்குறியை (கண்ணை வைத்துப் பார்க்கச் சிறு துளை உள்ள பின்குறியை) ரைபிளில் பொருத்த நினைப்பவர்கள் முதலில் தேடுவது டிரில் இயந்திரத்தை. அதை எடுத்து உள்ளே வையுங்கள். பழைய ரைபிளாக இருந்தாலும் புதியதாக இருந்தாலும், ஏற்கெனவே உள்ள துளையையோ பள்ளத்தையோ பயன்படுத்த முடிகிறதா என்பதே முதல் கேள்வி. பழைய மவுசர் ரைபிள்களில், குழல் பொருந்தும் உலோக உடலான ரிசீவரின் மேற்பரப்பு மட்டும் தனியாகக் கடினமாக்கப்பட்டிருக்கும். சாதாரண டிரில் முனை அதில் வழுக்கி ஓடும். நூறு வயது ரைபிளில் புதுத் துளை போட்டால், அதைச் சேகரிப்பாளர் யாரும் பழைய விலைக்கு வாங்கமாட்டார்.

துளைக்குறி ஏன் என்று கேட்பவர்களுக்கு லீ-என்ஃபீல்ட் ரைபிளே பதில். அதன் முதல் உலகப் போர்க் கால வடிவமான எஸ்.எம்.எல்.இ.யின் பின்குறி குழலின் மேல் உட்கார்ந்திருக்கும். இரண்டு குறிகளுக்கும் இடையே சுமார் 19½ அங்குலம்தான். 1939-இல் ஏற்கப்பட்ட அடுத்த வடிவமான நம்பர் 4-இல் துளைக்குறி ரிசீவரின் பின்பக்கத்துக்கு வந்தது. இடைவெளி சுமார் 28¾ அங்குலமாகியது. கண் தானாகவே துளையின் நடுவைத் தேடிக்கொள்ளும். பார்ப்பவர் முன்குறியை மட்டும் கவனித்தால் போதும். நாற்பதைத் தாண்டிய கண்களுக்கு இது பெரிய உதவி.

முதல் வேலை: போல்ட்டையும் (குண்டை அறைக்குள் தள்ளிப் பூட்டும் உருளையையும்) மேகசினையும் கழற்றி, குண்டு அறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள்.

அடுத்தது, பழைய ரைபிள். போர்க் காலத்தில் வந்த நம்பர் 4 பலவற்றில் 300, 600 கெஜம் என இரண்டே துளைகள் கொண்ட மடக்குக் குறி இருக்கும். அதற்குப் பதிலாக 200 முதல் 1300 கெஜம் வரை திருகி நகர்த்தும் குறியை அதே இடத்தில் மாட்டலாம். 'பஞ்ச்' எனும் மெல்லிய எஃகுக் கம்பிக் கருவியால் சிறிய பூட்டு ஊசியைத் தட்டி எடுத்த பிறகு, அச்சு ஊசியை வெளியே தள்ளுங்கள். அப்போது கட்டை விரல் குறியை அழுத்திக்கொண்டே இருக்கட்டும். கீழே ஸ்பிரிங்கோடு ஒரு சிறு முளை இருக்கிறது. நான் விரலை எடுத்த நொடியில் அது பறந்தது. இரண்டு நாள் கழித்து அலமாரிக்கு அடியில் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது.

புதிய ரைபிள்களில் வேலை எளிது. பல .22 ரைபிள்களின் ரிசீவர் மேல் 11 மில்லிமீட்டர் பள்ளம் இருக்கும். கவ்விப் பிடிக்கும் குறியை அதில் நுழைத்துத் திருகை இறுக்கினால் முடிந்தது. ரெமிங்டன் 700 போன்றவற்றில் தொலைநோக்கிக்கென்று போட்ட திருகுத் துளைகளே போதும். ஆனால் திருகு நீளமாக இருந்தால் போல்ட் ஓடும் பாதைக்குள் எட்டிப் பார்க்கும். ஒவ்வொரு திருகையும் இறுக்கிய பிறகு போல்ட்டை மாட்டி, முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். இன்னொரு சிக்கல்: புதிய குழல்கள் பலவற்றில் முன்குறியே இருக்காது. பின்குறிக்குப் பணம் கொடுக்கும் முன் குழல் முனையை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இனி கணக்கு. இங்கேதான் தொடக்கக்காரர்கள் திணறுகிறார்கள். குண்டு தப்பிய அளவைக் குறிகளின் இடைவெளியால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுக்க வேண்டும். 100 கெஜம் என்பது 3600 அங்குலம். நம்பர் 4-இல் குண்டுகள் வேண்டிய இடத்துக்கு 4 அங்குலம் கீழே விழுகின்றன என்றால், 4 × 28.75 ÷ 3600, அதாவது சுமார் 0.032 அங்குலம். இதன் முன்குறித் தகடுகள் 0.015 அங்குல இடைவெளியில் பல உயரங்களில் கிடைக்கின்றன. ஆகவே இரண்டு படி குட்டையான தகடு வேண்டும். ஆம், குட்டையானது. கீழே விழுந்தால் முன்குறியைத் தாழ்த்த வேண்டும். இடப்பக்கம் தப்பினால் அதை இடப்பக்கமே தள்ள வேண்டும். முன்குறி தப்பு நடந்த திசையிலேயே போகும், பின்குறி அதற்கு எதிர்த்திசையில். இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் ஒட்டிவையுங்கள். சுடுதளத்தில் நிற்கும்போது எல்லோருக்கும் குழம்பும்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரே குண்டைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஐந்து சுட்டு, அவற்றின் நடுவை எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியான பிறகு, திருகின் தலையிலிருந்து குறியின் உடல் வரை நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு போடுங்கள். இருபது குண்டு சுட்டுவிட்டுக் கோட்டைப் பாருங்கள். விலகியிருந்தால் திருகு தளர்கிறது. திருகு தளராமல் பிடிக்கும் பூட்டுப் பசை ஒரு சொட்டு விட்டு மறுபடி இறுக்குங்கள்.