பிள்ளைகளோடு உரிமைகளை வாசிப்பது எப்படி?

ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் 54 பிரிவுகள் உண்டு. பிள்ளைகளோடு வாசிக்கும்போது முதல் பிரிவிலிருந்து தொடங்காதீர்கள். பத்து நிமிடத்தில் அவர்கள் கண் ஜன்னலுக்குப் போய்விடும்.

நான் முதலில் ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுப்பேன். பெயர் எழுத வேண்டாம். "உன்னைக் கேட்காமலே உன் விஷயத்தில் எடுத்த ஒரு முடிவு எது?" இதுதான் கேள்வி. எழுத்துப் பிழை பார்க்காதீர்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

ஒருமுறை வந்த துண்டில் இப்படி இருந்தது: "தம்பியை வேற வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. லைட் எரிஞ்சாத்தான் அவன் தூங்குவான். அது எனக்கு மட்டும்தான் தெரியும்."

அதை வைத்துக்கொண்டு 12-ஆம் பிரிவைத் திறந்தேன். தன்னைப் பாதிக்கும் எந்த விஷயத்திலும் கருத்துச் சொல்லப் பிள்ளைக்கு உரிமை உண்டு. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். குறைந்தபட்ச வயது என்று எதையும் அந்தப் பிரிவு வைக்கவில்லை. கேட்டதெல்லாம் நடக்கும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது பொய். ஆனால் கேட்காமல் முடிவெடுத்தால், அந்தப் பிள்ளைக்கு மட்டுமே தெரிந்த ஒன்றை நாம் இழக்கிறோம். உடன்பிறந்தவர்களைத் தக்க காரணமின்றிப் பிரிக்கக் கூடாது என்று 2009-இல் வந்த ஐ.நா. மாற்றுப் பராமரிப்பு (பெற்றோரோடு வாழ முடியாத பிள்ளைகளை வேறிடத்தில் வளர்ப்பது) வழிகாட்டுதல்களும் சொல்கின்றன.

மற்ற துண்டுகளுக்குப் பிரிவு கண்டுபிடிப்பது எளிது. படிப்புக்கு 28, விளையாட்டுக்கும் ஓய்வுக்கும் 31, கடிதத்தைப் பிரித்துப் படித்தால் 16. பிள்ளைகளே தேடட்டும்.

அடி, பாலியல் தொந்தரவு என்று ஒரு துண்டில் வந்தால் அதைச் சத்தமாக வாசிக்கவே கூடாது. எழுதிய பிள்ளை தானாக வந்து பேச வழி வையுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பாதுகாக்க வேண்டுமானால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அப்புறம், பெரிய பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள்: "மீறினால் யாரிடம் போவது?" முதலில் உள்நாட்டு அமைப்புகளும் நீதிமன்றமும்தான். அங்கே வழி தீர்ந்த பிறகு, 18 நிபுணர்கள் கொண்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் குழுவுக்கு எழுதலாம். ஆனால் இப்படிப் புகார் எழுத வழி தருவது 2014-இல் நடைமுறைக்கு வந்த மூன்றாவது விருப்ப நெறிமுறை, அதாவது நாடுகள் விரும்பினால் சேரும் துணை ஒப்பந்தம்; அதில் அந்த நாடு சேர்ந்திருக்க வேண்டும். உள்நாட்டில் வழி தீர்ந்ததிலிருந்து பொதுவாக ஓராண்டுக்குள் எழுத வேண்டும், பெயரில்லாமல் எழுத முடியாது. இது நெடும்பாதை என்பதையும் மறைக்காதீர்கள்.

தம்பியைப் பற்றி எழுதிய சிறுமி வகுப்பு முடிந்ததும் தானே வந்து நின்றாள். அவள் சம்மதத்தோடு துண்டைப் பொறுப்பாளரிடம் கொண்டுபோனேன். அன்று மாலையே அந்த வீட்டுக்குப் போன் போட்டு, விளக்கைப் பற்றி அவளையே பேச வைத்தார்கள்.